சிரிப்பு, முறைப்பு, துப்பு

அந்த வீட்டில் மருந்துக்கு மூன்று தரம். சிரிப்பு, முறைப்பு, துப்பு.

தரம் பிரித்தது மகள்தான். அவளுக்கு நான்கு வயதிருக்கும்போது ஓர் இருமல் மருந்தை அம்மா விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க, அம்மாவின் முகம் போன போக்கைக் கண்டு, "ஐயே, இது துப்பு மருந்து!" என்று கை தட்டினாள். அன்றிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. எந்த மருந்தானாலும் அம்மா முதலில் ஒரு சொட்டு நக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இனித்தால் சிரிப்பு. சுமாராக இருந்தால் முறைப்பு. வாயில் வைக்க விளங்காதது துப்பு. வேடிக்கை என்னவென்றால், துப்பு என்று சொன்னாலும் மகள் குடித்துவிடுவாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு, ஒரே மடக்கு. கசப்பு அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. சொல்லாமல் வரும் கசப்புதான் ஆகாது.

"ஊரெல்லாம் இனிக்கும்னு சொல்லித்தான் ஊத்துறாங்க. நீ ஒருத்திதான் வியாபாரத்தைக் கெடுக்கிறே" என்று கணவன் கேலி செய்வான். மெத்தைக் கடையில் விற்பனையாளன் அவன். வியாபாரத்தைப் பற்றிப் பேச உரிமை உள்ளவன்தான்.

மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். தெரியாத எழுத்தைத் தெரியும் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டு, மறு வாரம் தலைவலியோடு வந்து நிற்பவர்களையும் அவளே சமாளிக்க வேண்டும். பொய்யைச் சொன்னவர்கள்தான் அதை மாட்டிக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது என்று அவள் அடிக்கடி சொல்வாள்.

ஆனால் அந்த ஒரு சொட்டு நக்கும் வழக்கம் கடையிலிருந்து வந்ததில்லை. அவள் சின்னவளாக இருந்தபோது ஒரு காலையில், "பொம்மைக் கடைக்குப் போறோம்" என்று சொல்லி அவளுடைய அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போனார். போன இடத்தில் பொம்மை இல்லை. முகத்தில் அழுத்துவதற்கு ஒரு ரப்பர் மூடி இருந்தது. கை காலைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். ஆபரேஷன் சின்னதுதான், தையலும் சீக்கிரமே ஆறிவிட்டது. அதற்குப் பிறகு அப்பா எங்கே கூப்பிட்டாலும், செருப்பை மாட்டுவதற்கு முன் அம்மாவின் முகத்தை ஒரு முறை திரும்பிப் பார்க்கிற பழக்கம் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது.

இதை அவள் ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருக்கிறாள். அவனைச் சந்தித்ததே ஒரு கதை. அக்கா கல்யாணத்துக்கு மெத்தை வாங்கப் போயிருந்தார்கள். அக்கா கை வைத்த மெத்தையைப் பார்த்துவிட்டு, கடைக்காரப் பையன் அக்கம்பக்கம் நோட்டம் விட்டு, "இது வேணாங்க. கொஞ்ச நாள்ல நடுவுல குழி விழுந்துடும். ரெண்டு பேரும் உருண்டு ஒரே இடத்துக்கு வந்துடுவாங்க" என்றான். அக்கா தரையைப் பார்த்தாள். இவள் வாய் விட்டுச் சிரித்துவிட்டாள். தன் கடைச் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்லும் ஒரு விற்பனையாளனை அவள் அதுவரை கண்டதில்லை. அக்காவுக்கு மெத்தையும் அவளுக்கு மாப்பிள்ளையும் அந்தக் கடையிலேயே அமைந்தது.

கல்யாணமான புதிதில் பொம்மைக் கடைக் கதையைச் சொல்லி அவள் அழுதபோது, எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவன் அன்று பேசவில்லை. அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "உன்கிட்ட சொல்லாம நான் எதுவும் செய்ய மாட்டேன். என்னை நம்பு" என்றான்.

அவள் நம்பினாள்.

மகளுக்குத் தொண்டையில் சதை வளர்ந்திருந்தது. தூக்கத்தில் அவள் விடும் குறட்டைக்காக அப்பா வைத்த செல்லப்பெயர் 'இன்ஜின்'. அந்தக் குறட்டை நடுவில் நின்றுபோக ஆரம்பித்த பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. குறட்டை நின்றால் மூச்சும் நிற்கும். அடுத்த மூச்சு வரும்வரை இரண்டு பேரும் தங்கள் மூச்சை விடாமல் கிடப்பார்கள். சதையை எடுத்தே ஆக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்றார் தொண்டை டாக்டர்.

அவள் மகளிடம் எதையும் மறைக்கவில்லை. மருந்து கொடுப்பார்கள், கிறக்கமாக இருக்கும், ஒரு கதவு வரைக்கும்தான் அம்மா வர முடியும், எழுந்த பிறகு தொண்டை வலிக்கும், ஐஸ்கிரீம் கிடைக்கும். எல்லாம் சொன்னாள். மகள் ஐஸ்கிரீமில் எத்தனை நிறம் என்று மட்டும் கேட்டாள்.

ஆனால் காரியம் கெட்டது அந்த ஒரு சொட்டில்.

குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸ் இருந்தார். சட்டைப் பை நிறையப் பஞ்சு வைத்துக்கொண்டு, அழுகிற பிள்ளைகளுக்கு முயல் செய்து கொடுப்பார். பிள்ளைகள் வைத்த பெயர் பஞ்சு சிஸ்டர். அவர்தான் ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தைக் கொண்டுவந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் பயத்தைத் தணிக்கிற மருந்து.

"சிஸ்டர், ஒரே ஒரு சொட்டு நான் நக்கிப் பார்த்துடறேன்."

"ஐயோ, கூடாதும்மா. இது குழந்தையோட எடைக்கு அளந்து வெச்சது. அதுவும் தூக்கம் வர்ற மருந்து. நீங்களும் கிறங்கிட்டா நான் யாரைப் பார்க்கறது?"

மகள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா, சிரிப்பா முறைப்பா?"

"தெரியல கண்ணு. என்னை நக்க விடல."

"தெரியாதா?"

"தெரியாது."

"அப்போ வேணாம்" என்று மகள் வாயைப் பூட்டினாள்.

அதற்குப் பிறகு கெஞ்சல், கொஞ்சல், முயல், வாத்து எதுவும் எடுபடவில்லை. மயக்க மருந்து டாக்டரே வந்தார். நிதானமான பெண்மணி, கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து பேசினார். பேசிப் பேசி வாய்க்குள் போன மருந்து, போன வேகத்தில் அவருடைய வெள்ளைக் கோட்டின் மேலேயே வந்து விழுந்தது. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு கோட்டுக்குப் போனது என்று தெரியாததால் மறுபடி கொடுக்க முடியாது. அலறுகிற குழந்தையை அழுத்திப் பிடித்து முகமூடி வைக்க அந்த டாக்டருக்கு மனம் வரவில்லை.

"பயந்துக்கிட்டே தூங்கற குழந்தை பெரும்பாலும் பயந்துக்கிட்டேதான் எழுந்திருக்கும். அதுக்காகத்தான் இந்த மருந்தே. வேற நாள் வெச்சுக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பேருந்தில் கணவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். மகள் அவன் மடியில் தூங்கியிருந்தாள். குறட்டையைக் கேட்டு முன் இருக்கைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"நீ 'சிரிப்பு'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"தெரியாததைத் தெரியும்னு சொல்லச் சொல்றீங்களா?"

"மெத்தை விக்கறவன் தினமும் சொல்றேன்."

"என்கிட்ட அப்படிச் சொல்லலையே."

அவன் மகளின் வாயோரம் வழிந்த எச்சிலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அதே மருந்துப் பாகில் தூக்கம் வரவழைக்கும் சரக்கு சேர்க்காமல், சுவைக்காக மட்டும் ஒரு சொட்டு கிடைக்குமா? கிடைத்தால் நக்கிப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடலாம். துப்பாக இருந்தாலும் பரவாயில்லை, மகள் குடித்துவிடுவாள். "டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்களேன்" என்று கணவனிடம் சொன்னாள். கடையில் அவளுக்கு விடுப்பு கிடைக்காத வாரம் அது.

மாலையில் வந்து அவன், "பேசிட்டேன். எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாங்க. நீ கவலைப்படாதே" என்றான்.

அவளுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அவனுக்குப் பிடித்த சமையல்.

இரண்டாவது முறை போனபோது அதே வார்டு, அதே கட்டில். மகள் வெறும் வயிற்றோடு சுருண்டு உட்கார்ந்து, பஞ்சு முயலின் காதைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

கணவன் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டில் ஆப்பிள் ஜூஸை எடுத்தான். "கொஞ்சம் கொடுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. பாவம், பசி."

"நிஜமாவா? வெறும் வயிறா இருக்கணும்னாங்களே!"

"தெளிவான ஜூஸ் கொஞ்சூண்டு பரவாயில்லையாம். வேணும்னா பஞ்சு சிஸ்டரையே கேளு."

மேஜைக்குப் பின்னால் இருந்த பஞ்சு சிஸ்டர் சிரித்தபடி தலையாட்டினார். பிறகென்ன சந்தேகம்?

அவன் பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி நீட்டினான். "முதல்ல அம்மா. சட்டம்னா சட்டம்."

அவள் குடித்துப் பார்த்து, கண்ணை விரித்து, "சிரிப்பு!" என்று அறிவித்தாள். மகள் முயலை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தாள்.

"இரு, அவ டம்ளர்ல ஊத்திட்டு வந்துடறேன்" என்று அவன் பாட்டிலோடு மேஜைப் பக்கம் போனான். திரும்பி வந்தபோது மகளின் குட்டி டம்ளரில் ஒரு வாய் ஜூஸ் இருந்தது. மகளை நோக்கி நீட்டியவன், ஏதோ நினைத்துக்கொண்டவன் போல அதை மனைவியிடம் கொடுத்தான். "நீயே கொடு. உன் கையால குடிச்சாத்தான் அவளுக்குத் திருப்தி."

மகள் ஒரு மிடறு குடித்தாள். நிறுத்தினாள்.

"அம்மா, இது..."

"என்ன கண்ணு? ஜூஸ்தான். நான்தான் குடிச்சுப் பார்த்தேனே."

"வேற மாதிரி இருக்கு."

"வெறும் வயிறு இல்லையா, அப்படித்தான் இருக்கும். குடிச்சிடு. ஒரே மடக்கு."

மகள் டம்ளரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அவளுடைய நாக்கு ஒன்று சொன்னது, அம்மா ஒன்று சொல்கிறாள். மகள் அம்மாவின் பக்கம் சாய்ந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு, மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தாள்.

சிரிப்பு மருந்துக்கு யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை. அதை அம்மா அந்த நிமிஷமே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "டாக்டர் அந்த ஒரு சொட்டை எப்போ அனுப்புவாங்க?" என்று கணவனிடம் கேட்டாள். அவன் கைபேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் மகள் தானாகச் சிரிக்க ஆரம்பித்தாள். முயலுக்கு மூன்று காது என்றாள். விரலை நீட்டி நீட்டி மடக்கினாள். பிறகு தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. 

"சிஸ்டர்! சிஸ்டர், இங்க வாங்களேன், இவளுக்கு..."

கணவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "கத்தாதே. ஒண்ணும் இல்ல. மருந்து வேலை செய்யுது."

"எந்த மருந்து?"

அவன் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை ஒரு முறை பார்த்தான். அவ்வளவுதான்.

அதற்குள் ஆட்கள் தள்ளுகட்டிலோடு வந்துவிட்டார்கள். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். மகள் அழவில்லை, திமிறவில்லை. எல்லாரும் வேண்டிக்கொண்டபடி அமைதியாகத்தான் போனாள். கதவு வந்தது. மகளின் கண் பாதி மூடியிருந்தது. அம்மாவைத் தேடிப் பிடித்து, குழறிய நாக்கால், கோபம்கூட இல்லாமல், தப்பைத் திருத்துகிற குரலில் சொன்னாள்.

"அம்மா... அது துப்பு."

கதவு மூடிக்கொண்டது.

வெளியே வரிசையாக நாற்காலிகள். அவன் உட்கார்ந்தான். அவள் ஓர் இடம் விட்டு உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் நடுவில் இடம் விட்டு உட்கார்ந்ததில்லை.

"கோபமா?"

அவள் மகள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரு, அழாம போனாளா இல்லையா? போன தடவை மாதிரி ஆகியிருந்தா? அவ மூச்சு நின்னு நின்னு வர்றதை இன்னும் எத்தனை நாள் கேட்டுக்கிட்டுக் கிடக்கறது? எனக்குத் தெம்பு இல்ல. வேற வழி தெரியல."

"டாக்டர்கிட்ட அந்த ஒரு சொட்டைப் பத்திக் கேட்டீங்களா?"

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"கேக்கவே இல்ல. ஏற்பாடு பண்ணியாச்சுன்னு மட்டும் என்கிட்ட வந்து சொன்னீங்க."

"சொன்னா நீ ஒத்துக்க மாட்டே."

"ஒத்துக்க மாட்டேன்தான். அதுக்காக? மறைச்சுக் கொடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, சரி. நீங்களே கொடுத்திருக்கலாமே. எதுக்கு என் கையில கொடுத்தீங்க?"

அவன் தன் செருப்பைப் பார்த்தான். "உன் கையில கொடுத்தாத்தான் அவ குடிப்பா."

உண்மை. அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் சட்டம் தெரியும், மகளின் நம்பிக்கை எங்கே இருக்கிறது என்று தெரியும். அந்த இடத்தைத் தேடி எடுத்து, அதிலேயே கலந்திருக்கிறான். தெரியாதவன் செய்திருந்தால் அவள் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். பொம்மைக் கடைக் கதையைத் தோளில் சாய்த்துக் கேட்டவன் செய்ததற்கு எப்படிச் சண்டை போடுவது?

"அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காதாம்" என்றான் மெதுவாக. "அந்த மருந்தே அப்படித்தானாம்."

மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். போன உயிர் உடம்புக்குத் திரும்பி வந்தது. அவள் கும்பிட்டாள். பிறகு கேட்டாள்.

"டாக்டர், மருந்து கொடுத்ததை மறந்துடுவாளா?"

"மருந்து வேலை செய்ய ஆரம்பிச்ச பிறகு நடந்தது பெரும்பாலும் நினைவு இருக்காதும்மா. கதவு, தள்ளுகட்டில், உள்ளே நடந்தது எல்லாம்."

"குடிச்சது?"

"குடிக்கும்போது மருந்து இன்னும் வேலை செய்யலையே. அது நினைவு இருக்கும்." டாக்டர் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "ஜூஸ்ல கலந்து கொடுக்கறதைப் பத்தி ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்னு இவர் சொன்னாரே?"

கணவன் சுவரில் இருந்த கடிகாரத்தை ஆராய்ந்தான்.

"ஓ" என்றார் டாக்டர். அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் உங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். தப்பு என் மேலயும் இருக்கு."

யாரோ ஒரு டாக்டர் வாய் திறந்து சொன்ன 'தப்பு' என்ற வார்த்தை, பக்கத்திலேயே நின்றவன் வாயிலிருந்து வரவில்லை.

மகள் எழுந்தாள். அழுதாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார் பஞ்சு சிஸ்டர். "வலிக்குதுன்னு குடிக்காம விட்டா தொண்டை காய்ஞ்சு இன்னும் வலிக்கும், ரத்தம்கூட வரலாம். எப்படியாவது குடிக்க வெச்சுடுங்க."

அவள் டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். மகள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். வாயைப் பூட்டினாள்.

"தண்ணிதான் கண்ணு. வெறும் தண்ணி."

மகள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். இவள் தன் வாயில் ஊற்றிக் காட்டினாள். பயனில்லை. நக்கிப் பார்த்து 'சிரிப்பு' என்று சொன்னதுதானே அப்போதும் நடந்தது.

"இன்ஜின், அப்பாகிட்ட குடிக்கறியா?"

அவன் கையிலிருந்து அதே டம்ளரில் மகள் குடித்தாள். வலியில் கண்ணீர் வழிய, மிடறு மிடறாக, அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு. அப்பா கொடுத்ததில் அவளுக்கு எதுவும் கசக்கவில்லை அல்லவா? கசந்தது அம்மா கொடுத்தது.

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். பால், கஞ்சி, ஐஸ்கிரீம், மருந்து, எல்லாம் அப்பா கையால். அவன் கடைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். உண்மையைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்? ஒரு வாக்கியம். 'கலந்தது உங்க அப்பா.' ஆனால் சொன்னால் மகள் அவன் கையையும் தட்டிவிடுவாள். பிறகு யார் கையால் குடிப்பாள்? குடிக்காமல் தொண்டை காய்ந்தால்? மகளுக்குத் தண்ணீர் இறங்க வேண்டும் என்றால் அவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட பூட்டு! பூட்டியவனுக்குச் சாவி எங்கே வைத்தோம் என்ற நினைப்புகூட இருப்பதாகத் தெரியவில்லை.

நாத்தனார் தொலைபேசியில், "என்ன அண்ணி, பொண்ணு அப்பா செல்லமாயிட்டாளாமே! அண்ணன் பெருமை பீத்திக்கறான்" என்றாள்.

"ஆமா. உங்க அண்ணன் சரக்கு எப்பவும் நல்லாத்தான் விக்கும்" என்றாள் அவள். நாத்தனார் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

சமையலறையில் அவனைத் தனியாகப் பிடித்தாள். "அவ வலியில்லாம விழுங்க ஆரம்பிச்சதும் நீங்களே அவகிட்ட சொல்லணும்."

"சொல்றேன், சொல்றேன்."

மகள் ரொட்டி சாப்பிட்டாள். அவன் சொல்லவில்லை. ரொட்டியின் ஓரத்தையும் மென்று விழுங்கினாள். "அவளே மறந்துட்டா, ஏன் கிளறணும்?" என்றான். குறட்டை இல்லாத தூக்கம் வந்துவிட்டிருந்தது வீட்டுக்கு. அவன் நிம்மதியாகத் தூங்கினான். அவள் அந்த நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டு, மகள் பிழைத்தாள் என்ற சந்தோஷத்தையும், யார் கையால் என்ற கேள்வியையும் பிரிக்க முடியாமல் கிடந்தாள். அவன் செய்தது பலிக்காமல் போயிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். பலித்துவிட்டதே!

கடைசி மருந்தாகத் தொண்டை டாக்டர் வேறொரு புட்டியை எழுதிக் கொடுத்தார். புண்ணில் சீழ் வைக்காமல் இருக்க. மாலையில் கூடத்தில் அவன் மூடியைத் திறந்தான். அவள் ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மகள் அவனைத் தடுத்தாள். "நக்கிப் பாருப்பா."

இதுவரை அம்மாவிடம் மட்டுமே கேட்டது அது. அவள் கை மடிப்பிலேயே நின்றது.

அவன் ஒரு சொட்டு நாக்கில் வைத்தான். தொழில் பழக்கம் முகத்தைத் துளிகூட மாற விடவில்லை. "சிரிப்பு! அடேயப்பா, தேன் மாதிரி!"

மகள் நம்பிக் குடித்தாள். பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் வழிந்தது. உடம்பு உலுக்கி, கண் நிறைந்து, அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயும் பொய் சொல்றே." உதடு பிதுங்கியது. "அம்மா மாதிரியே."

 அவள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். கண்ணாடிக் கடையில், ஆள் தெரியாத எழுத்தின் முன்னால் திணறும்போது பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பாளே, அந்தப் பார்வை.

அவன் ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரிக்க முயன்று விட்டுவிட்டான்.

"அம்மா மாதிரி இல்ல" என்றான்.  "என்னை மாதிரி. அம்மா பொய் சொல்லல, இன்ஜின். அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயும் நான்தான். அம்மா குடிச்சது வெறும் ஜூஸ். அப்புறம் நான் போய் மருந்து கலந்து எடுத்துட்டு வந்தேன்."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அம்மா உன்கிட்ட உண்மையைச் சொல்லிடுவா. நீ குடிக்க மாட்டியோன்னு எனக்குப் பயம்."

மகள் யோசித்தாள். "துப்புன்னு சொல்லியிருந்தா குடிச்சிருப்பேனே" என்றாள், இது தெரியாதா என்பது போல. எழுந்து, புட்டியையும் ஸ்பூனையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் நடந்து வந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, மன்னிப்பு கேட்கவில்லை. புட்டியை நீட்டினாள்.

"நக்கு."

அவள் நக்கினாள். கண்ணில் நீர் முட்டியது, மருந்துதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். "துப்பு. இவ்வளவு நாள்ல இதுதான் மகா துப்பு."

மகள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, சிந்தினதுக்கு ஈடாக மறுபடி ஊற்றச் சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

சற்றுப் பொறுத்து அவன் இரண்டு டம்ளர் டீயோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "சொல்லிட்டேன்ல?" என்றான். பாரம் இறங்கிய குரல். அவளைச் சிரிக்க வைத்த அந்தப் பழைய குரல்.

"அவகிட்ட சொன்னீங்க."

அவன் டீயை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"முதல்ல நீங்க குடிச்சுப் பாருங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது. டம்ளரை மெல்ல வாய்க்குக் கொண்டுபோய் ஒரு மிடறு குடித்தான்.

"என்ன?"

அவன் முகத்தில் கடைச் சிரிப்பு வரப் பார்த்தது. அதை விழுங்கினான். "சர்க்கரை போட மறந்துட்டேன். முறைப்பு."

அவள் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மகள் ஆவல் தாங்காமல் கேட்டாள்.

"அம்மா, அப்பா சொல்றது நிஜமா?"

"தெரியல கண்ணு" என்றாள் அவள். "ஆறட்டும்."